தழும்பில்லாத தாய்

எங்கள் தொழிலில் புள்ளி என்றால் குற்றம். துணியில் புள்ளி விழுந்தால் செக்கிங் பெண்கள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நான் பிரிண்டிங் மாஸ்டரைத் திட்டுவேன். என்னை, எனக்கு வேலை கொடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் திட்டுவார். திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன், சொந்த ஊர் குன்னத்தூர். புள்ளியை எடுத்துவிட்டதற்காக ஒருவனைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுவார்கள் என்று காங்கோ போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

கின்ஷாசா சந்தையில் வெரோனிக் என்று ஒரு அம்மா பனியன் மொத்த வியாபாரம் செய்கிறார். பல வருடமாக எங்கள் கம்பெனிச் சரக்குதான் வாங்குகிறார். ஒருமுறை வழக்கமான சரக்கோடு கொஞ்சம் பனியனில் படம் போட்டுத் தரச் சொல்லி ஒரு மரச்சிலையின் போட்டோவை அனுப்பினார். நிற்கிற ஒரு பெண், இடுப்பில் குழந்தை. பெரிய நெற்றி, நீளமான கழுத்து, துருத்திக்கொண்டிருக்கும் தொப்புள். மேலே துணி இல்லை.

எங்கள் டிசைனர் தலையைச் சொறிந்தார். "ஏனுங்ணா, ஒரு துண்டு போட்டு மூடிப் போடலாங்களா?" என்றார். கம்பெனியிலிருந்து மெயிலில் கேட்டார்கள். உடம்பில் கை வைக்காதே என்று பதில் வந்தது. சரி என்று மூடாமல் விட்டோம். நம்மை மாதிரி நாகரிகம் தெரிந்தவர்கள் உண்டா என்று எங்களுக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் அந்தச் சிலையின் கன்னம், தோள், வயிறு எல்லாம் புள்ளி புள்ளியாக, சுழி சுழியாக இருந்தது. கரையான் அரித்திருக்கும் என்றார் டிசைனர். போட்டோ சரியில்லை என்றார் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எதுவானாலும் குப்பைதானே? கம்ப்யூட்டரில் வைத்து எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, வழவழவென்று அச்சடித்துவிட்டோம். சாம்பிள் படம் தபால்தலை அளவில் போனது. அங்கிருந்து சரி என்றும் வந்தது.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் தகவல் வந்தது. ஆள் வர வேண்டும், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மெர்ச்சண்டைசர்தான் போக வேண்டியவர். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும் என்றதும் அவருடைய மாமனாருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. "அச்சடிச்சது நீங்கதானுங்க, நீங்களே போயிட்டு வந்துருங்க" என்றார் கம்பெனி முதலாளி. எனக்கு வந்த கோபத்துக்கு ஊசியே வலிக்கவில்லை.

*

விமான நிலையத்தில் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த செல்வராசு நின்றிருந்தார். மடத்துக்குளத்துக்காரர். கின்ஷாசாவில் ஒரு துணிக்கடையில் ரொம்ப காலமாகக் கணக்குப் பார்க்கிறார். அந்த ஊர் மொழியான லிங்காலாவும் பிரெஞ்சும் சரளமாகப் பேசுவார். "வாங்ணா, ஊசி போட்ட கார்டு வெச்சிருக்கீங்களா? இல்லீன்னா இங்கயே நிக்க வெச்சுக் குத்தி உட்ருவாங்க" என்று வரவேற்றார்.

டாக்ஸி என்று ஒன்றில் ஏற்றினார். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. என் காலடியில் தகரம் துருப்பிடித்துப் போய், ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரிந்தது. மழை வந்தது. ஒரு குழியில் இறங்கிய வண்டி மேலே ஏறவில்லை. காலடி ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. ஓட்டுநர் அமைதியாக ஒரு பிளாஸ்டிக் குவளையை எடுத்து என் கையில் கொடுத்தார். நானும் முகந்து முகந்து ஊற்றினேன். காசு கொடுத்து வண்டி ஏறி, நானே தண்ணீர் இறைத்த ஊர் அதுதான்.

காங்கோ ஆற்றைப் பார்த்தேன். அக்கரையில் இன்னொரு நாடு. பழுப்பாக, அகலமாக, ஓசையில்லாமல் போகிறது. எங்கள் நொய்யலில் இன்றைக்கு என்ன நிறம் சாயம் போட்டிருக்கிறார்கள் என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம். இவ்வளவு தண்ணீரை இவர்கள் ஒன்றுமே செய்யாமல் விட்டிருக்கிறார்களே என்று முதலில் தோன்றியது. பிறகு, நல்லவேளை என்று தோன்றியது.

*

அங்கே வயதுவந்த பெண்களை மரியாதையாக 'மாமா' என்று கூப்பிட வேண்டும். மீசை வைத்த ஆளைத் தவிர யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாய் வராமல் மேடம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே வெரோனிக் அம்மா என்று எழுதுகிறேன்.

வெரோனிக் அம்மாவின் வீட்டுக் கூடத்தில் எங்கள் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவர் மகள் சோலாஞ் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம் இருக்கும். வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். 

வெரோனிக் அம்மா ஒரு பனியனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கத்த ஆரம்பித்தார். மூச்சு விடாமல் கத்தினார். கையை ஆட்டினார், தரையில் காலை உதைத்தார். முடிந்ததும் நான் செல்வராசுவைப் பார்த்தேன்.

"அவீங்களுக்குக் கொஞ்சம் மனசங்கட்டமா இருக்குதாமுங்க" என்றார்.

"அவ்வளவுதானா?"

"ஆமாங்க. படம் அத்தனை திருப்தியில்லீங்களாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் கத்தினார். "கொஞ்சம் பார்த்துச் செஞ்சிருக்கலாம்னு அபிப்பிராயப்படறாங்க" என்றார் செல்வராசு. அந்த மனிதர் மொழிபெயர்த்தால் காங்கோவே கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரி இருந்தது. "யோவ், உள்ளதைச் சொல்லுய்யா" என்று நானும் கத்தினேன். அவர் நெளிந்தார். "எப்படீங்ணா சொல்றது, உங்களப் போயி... உங்க கையி அழுகிப் போகோணும்னு சொல்றாங்கங்க."

அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது.

வெரோனிக் அம்மா உள்ளே போய், துணியில் சுற்றிய சிலையை எடுத்து வந்தார். ஒரு முழ உயரம்தான் இருக்கும். எண்ணெய் தேய்த்துத் தேய்த்துச் செம்மண் நிறத்தில் மினுங்கியது. நான் குனிந்து பார்த்தேன். கரையானும் இல்லை, போட்டோவில் கோளாறும் இல்லை. உளியால் ஒவ்வொன்றாகச் செதுக்கிய தழும்பு. அந்தக் காலத்தில் இங்கே பெண்கள் இப்படித்தான் தோலைக் கீறிக்கொள்வார்களாம். கன்னத்தில் சுழி, தோளில் வரிசை, தொப்புளைச் சுற்றி வட்டம் வட்டமாக. குழந்தைக்கு ஒன்றுமில்லை, மொழுமொழுவென்று இருந்தது. தாய்க்குத்தான் உடம்பெல்லாம். எங்கள் பனியனில் இருந்தவள் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தாள்.

செல்வராசு இந்த முறை கொஞ்சம் நேராகவே சொன்னார். "உடம்புல ஒண்ணுமே எழுதாத பொம்பள கையில ஆருங்க கொழந்தையக் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க. இவ எந்த ஊட்டுக்காரின்னு கொழந்தைக்கே தெரியாதாமுங்க. தெரியலீன்னா வந்த வழியே திரும்பிப் போயிருமாமுங்க."

இவர்களெல்லாம் காங்கோவின் உள்ளே கசாய் என்ற பகுதியிலிருந்து கின்ஷாசாவுக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள். பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவள் மறுபடி உண்டானால், எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க இருப்பார்கள். பனியன் அதற்குத்தான். எங்கள் ஊர் வளைகாப்பு மாதிரி என்று நினைத்து அப்படியே சொன்னேன். செல்வராசு மொழிபெயர்த்தார். சோலாஞ் முதல் முறையாக வாய் திறந்து என்னிடம் ஒன்று கேட்டாள்.

"உங்க ஊர்ல கொழந்தைக்கு அம்மாள எப்படி அடையாளம் தெரியும்னு கேக்குதுங்க இந்தப் பொண்ணு."

"பிறந்தால் தெரிந்துவிடும்" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். செல்வராசு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு தடவ பொறந்துச்சாமுங்க" என்றார்.

பனியனைப் பார்த்தேன், சிலையைப் பார்த்தேன். சங்கத்துப் பெண்கள் இந்தப் படத்தைப் போட்டுக்கொண்டு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வராவிட்டால் இந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வெரோனிக் அம்மா சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் கத்தவில்லை.

*

தழும்புக்கு என்னதான் அர்த்தம் என்று தெரிந்துகொள்ளலாம் என்று செல்வராசுவோடு கைவினைச் சந்தைக்குப் போனேன். அங்கே இந்த மாதிரித் தாய்ச் சிலைகள் வரிசையாக நின்றன. உட்கார்ந்தவள், நின்றவள், பால் கொடுப்பவள், குழந்தையை மடியில் கிடத்தியவள். கிடந்த குழந்தையில் சிலது தூங்குகிறதா செத்துக் கிடக்கிறதா என்றே தெரியவில்லை. விற்கிற ஆளைக் கேட்டேன். "உனக்கு எது வேண்டும்?" என்றார்.

எல்லாமே நூறு வருடப் பழசு என்றார். அடியில் மரத்தூள் புதிதாக ஒட்டியிருந்தது. நான் தட்டிக் காட்டினேன். கூச்சமே இல்லாமல் சிரித்தார். தழும்பு எதற்கு என்றேன். "கோடு கூடினால் வேலை கூடுகிறது, விலை கூடுகிறது" என்றார். கோடே இல்லாத ஒருத்தி இருக்கிறாளா என்றேன். தேடினார். ஒரு மூலையில் பாதி செதுக்கியதைக் காட்டி, "இது இன்னும் பெண்ணே ஆகவில்லை, நாளைக்கு வா" என்றார்.

நான் தங்கியிருந்த விடுதியில் ஆங்கிலம் தெரிந்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர், தழும்பெல்லாம் வெறும் அழகுக்குத்தான், உங்கள் ஊர் மூக்குத்தி மாதிரி என்றார். டாக்ஸியில் கூட வந்த ஒரு போதகர், சிலையே பிசாசின் வேலை, அழித்தது கர்த்தரின் கருணை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலை சுற்றியது. அழகா, அடையாளமா, பிசாசா? ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பொம்மையைப் பற்றி ஒரே பதிலைச் சொல்லக் கூடாதா? நம் ஊரில் மட்டும் சொல்லிவிடுகிறோமா என்றும் தோன்றியது. அதனால் இன்னும் எரிச்சல்.

மறுநாள் வெரோனிக் அம்மாவையே நேராகக் கேட்டேன். "உங்கள் கன்னத்தில் தழும்பு இல்லையே. உங்கள் மகளுக்கும் இல்லை. பொம்மைக்கு மட்டும் எதற்கு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்கு இல்லீங்கறதுனாலதான் அவளுக்கு வேணுமாமுங்க" என்றார் செல்வராசு. எனக்குப் பாதி புரிந்தது. பாதி புரியவில்லை.

சாப்பாடு போட்டார்கள். ஃபுஃபு என்பது நம் களிதான், கிழங்கு மாவில் கிண்டியது. கையில் உருட்டிக் கீரையில் தோய்த்து விழுங்க வேண்டும். பாமாயில் மிதந்தது. காரம் என்று ஒரு மிளகாய் வைத்தார்கள். ஆந்திரா மிளகாயெல்லாம் அதன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அடுத்த தட்டில் வறுத்த கம்பளிப்புழு. கசாய்க்காரர்களுக்கு உயிர். செல்வராசு முந்திரிப் பருப்பு மாதிரி மென்றார். "சாப்பிடுங்ணா, வேண்டாம்னா வெசனப்படுவாங்க" என்றார். கை அழுகச் சாபம் விட்டவர் வருத்தப்பட்டால் எனக்கென்ன என்று தோன்றியது. ஆனாலும் ஒன்று தின்றேன். மொறுமொறுவென்று நன்றாகவே இருந்தது. அதிலும் எனக்கு எரிச்சல்.

*

தழும்பைத் திரும்பக் கொண்டுவர வழி தேடி அலைந்தேன். சூடு காட்டினால் புடைத்து எழும்பும் பிரிண்டிங் பேஸ்ட் திருப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கின்ஷாசாவில் கட்சிக்காரர்களுக்குப் பனியன் அச்சடிக்கும் ஒருவரிடம் போனேன். மரச் சட்டம், ஒரே நிறம். புடைக்கிற பேஸ்ட் என்று கையால் ஊதிக் காட்டினேன். அவர் எனக்கு வயிற்றுக்கோளாறு என்று நினைத்து மருந்துக்கடைக்கு வழி சொன்னார்.

தோற்றுப்போய்த் திரும்பி வந்து, என் வேலையாவது உருப்படி என்று காட்டலாம் என்று பெட்டியைப் பிரித்தேன். தையலை இழுத்துக் காட்டினேன், கழுத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒரு பனியனில் என் கை நின்றது. படத்தில் அந்தத் தாயின் கன்னத்துக்கு நேராக ஒரு முடிச்சு. நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டது துணியில் ஏறியிருக்கிறது. செக்கிங்கில் தப்பிவிட்டது. இதைக் கிள்ளவும் கூடாது, ஓட்டை விழும். ஒதுக்கிப் போட வேண்டியதுதான். இருக்கிற அவமானம் போதாதா? யாரும் பார்க்கும் முன்பு மடித்து என் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

சோலாஞ் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து கையை நீட்டினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். திருடனிடம் பேசுவது போல ஒரு அதட்டல் போட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தவள் விரலால் அந்த முடிச்சைத் தடவினாள். எழுந்து போய்ச் சிலையின் கன்னத்தைத் தடவினாள். மறுபடியும் பனியனைத் தடவினாள். அப்புறம் உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

பொழுது சாயும் முன்பு வீட்டில் ஊசியும் நூலுமாக ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சிலையை நடுவில் வைத்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து, தழும்பு இருந்த இடத்துக்கெல்லாம் பனியனில் நூலால் முடிச்சுப் போட்டார்கள். பாய் முடைபவர்கள் மாதிரி இழுத்து இறுக்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "இது பனியன் துணி, இழுபடும்! பின்னால் காகிதம் வை! லூசாகப் போடு!" என்று கத்தினேன். அவர்களும் திருப்பிக் கத்தினார்கள். செல்வராசு இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்து, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டதாக முடித்து வைத்தார். ஆனாலும் செய்தித்தாளை வெட்டிப் பின்னால் வைத்துத் தைக்க ஆரம்பித்தார்கள்.

ஒருத்தி போட்ட சுழி மாதிரி இன்னொருத்தி போடவில்லை. எல்லாம் வேறு வேறு. ஒரு சாம்பிள் செய்து அதைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி போடுங்கள் என்றேன். அதை மட்டும் செல்வராசு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அல்பெர்தின் அம்மா வந்தார். சங்கத்துக்குத் தலைவி, வயதானவர். பெரிய உடம்பு, சின்னக் கண். ஒரு பனியனை வாங்கித் தடவிப் பார்த்தார். தூக்கி எறிந்தார். ரெண்டே வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார். தைத்துக்கொண்டிருந்த ஊசிகள் நின்றன.

"வலிக்காம வந்ததெல்லாம் ஒரு தழும்பான்னு கேக்கறாங்க" என்றார் செல்வராசு. இந்த முறை அவர் எதையும் குறைக்கவில்லை.

மற்றவர்கள் வருவார்கள்தானே, ஒரு ஆள் வராவிட்டால் போகட்டும் என்றேன் நான். வெரோனிக் அம்மா இல்லை என்று தலையாட்டினார். முதல் குழந்தை இறந்தபோது அதைக் குளிப்பாட்டி, அடக்கத்துக்குத் துணி சுற்றிக் கொடுத்தது அல்பெர்தின். இரண்டாவதையும் அவர்தான். அவர் வந்து உட்காராமல் சோலாஞ் யாரையும் உட்கார விடமாட்டாள். சோலாஞ் தன் பனியனை மடித்துப் பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டார்கள். பெண்கள் வந்தார்கள். கீழே பூப்போட்ட துணி, மேலே எங்கள் பனியன். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஒவ்வொரு விதமாக முடிச்சு. திருப்பூரில் இதைப் பார்த்தால் மொத்தமும் ரிஜெக்ட். யாரும் உட்காரவில்லை. சோலாஞ் நடுவில், பழைய கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வயிற்றின் மேல் கையைக் கட்டி இருந்தாள். சமைத்த சாப்பாடு மூடியபடி இருந்தது. வெயில் ஏறியது. வெரோனிக் அம்மா தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

நான் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். என் தப்பா, டிசைனர் தப்பா, யார் தப்பு என்று ஒரு பக்கம் மண்டைக்குள் ஓடியது. மரப் பொம்மைக்குத் தழும்பு இல்லாவிட்டால் குழந்தை போய்விடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு, நம்பவில்லை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அல்பெர்தின் அம்மா வந்தார். எங்கள் பனியனைத்தான் போட்டிருந்தார். ஆனால் நாங்கள் அச்சடித்து அனுப்பிய மாதிரியே, ஒரு முடிச்சுகூட இல்லாமல் வழவழவென்று. நின்றிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒரு நாற்காலியை இழுத்து, சோலாஞ்சின் முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார். தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். நூல் கோத்தே இருந்தது. சோலாஞ்சின் கையில் கொடுத்தார். தன் தோளைக் காட்டினார்.

சோலாஞ் ஏதோ சொன்னாள். கழற்றிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பாள். போட்டுக்கொண்டே தைத்தால் தோலில் குத்தும், யாருக்கும் தெரியும். அல்பெர்தின் அம்மா ஒரு வார்த்தை சொன்னார். செல்வராசு என் காதருகே வந்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பின்னால் காகிதம் வைக்க வேண்டுமே என்று பழக்கத்தில் எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

சோலாஞ் முன்னால் சாய்ந்தாள். வயிறு இடித்தது. இடது கையால் கிழவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினாள். அல்பெர்தின் அம்மாவின் கழுத்து நரம்பு ஒருமுறை துடித்தது. சத்தம் வரவில்லை. முதல் முடிச்சு விழுந்தது. நூல் வெள்ளை. முடிச்சு மட்டும் மெல்லச் சிவந்தது. சோலாஞ் நிமிர்ந்து பார்த்தாள். கிழவி அவள் கையைப் பிடித்து ஊசியை அடுத்த இடத்தில் வைத்தார்.

நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள்.